ஆர்45.851: குற்றம், பைத்தியம், அறிகுறி

என்ன வேலை பார்க்கிறேன்னு ஊர்ல யாராவது கேட்டா "மெடிக்கல் கோடிங்"னு சொல்வேன். "ஓ, டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"ம்பாங்க. இல்லைன்னா "ஓ, கம்ப்யூட்டரா?"ம்பாங்க. ரெண்டும் இல்லை சாமி. அமெரிக்காவுல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போறார். டாக்டர் பார்த்துட்டு பக்கம் பக்கமா எழுதி வைக்கிறார். அந்தப் பக்கங்கள் சென்னைக்கு வரும். படிச்சுப் பார்த்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணை நாங்க போடணும். அந்த எண்ணை வெச்சுத்தான் இன்ஷூரன்ஸ்காரன் காசு கொடுப்பான். நம்ம பொழப்பு அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சார்ட்ல "டினைஸ் எஸ்.ஐ."ன்னு இருந்தது. நமக்கு எஸ்.ஐ.ன்னா சப்-இன்ஸ்பெக்டர்தானே. அவரை எதுக்கு ஒரு நோயாளி மறுக்கணும்னு முழிச்சேன். பக்கத்து சீட் அக்கா சிரிச்சுட்டுச் சொன்னாங்க: "சூசைடல் ஐடியேஷன்டா. சாகணும்ங்கிற எண்ணம் இருக்கான்னு டாக்டர் கேட்டிருக்கார், அவர் இல்லைன்னிருக்கார். இல்லைன்னா எதுவும் போடாதே. இருக்குன்னு எழுதியிருந்தா ஆர்45.851."

அன்னிக்கு அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தோணுச்சு. செத்துப்போகணும்ங்கிற எண்ணத்துக்கு ஒரு எண் இருக்கே, இதை யார் எப்போ போட்டாங்க? அதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன எழுதினாங்க? தேடிப் படிச்சதோட சாரம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், விஷயமும் கனம். மனசு சரியில்லாத நாள்னா மூடிவெச்சுட்டு இன்னொரு நாள் வாங்க, பதிவு எங்கேயும் ஓடிடாது.

லண்டன் கிழவிகளின் கணக்கு

பதினேழாம் நூற்றாண்டு லண்டன். வாராவாரம் யார் யார் எதனால செத்தாங்கன்னு ஒரு பட்டியல் அச்சாகும். கொள்ளைநோய் எந்தப் பக்கம் வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அதுக்கு அவ்வளவு முக்கியத்துவம். வருஷத்துக்கு நாலு ஷில்லிங் சந்தா கட்டினா வியாழக்கிழமை வீட்டுக்கே வந்துடும்.

சாவுக்குக் காரணம் சொன்னவங்க டாக்டர்கள் கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சத்தியப்பிரமாணம் வாங்கி வெச்சிருந்த ஏழைக் கிழவிகள். சாவு மணி அடிச்சா அந்த வீட்டுக்குப் போய் உடம்பைப் பார்க்கணும், நாலு பேரை விசாரிக்கணும், வந்து குமாஸ்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அந்த வார்த்தைதான் பட்டியல்ல ஏறும். யோசிச்சுப் பார்த்தா எங்க தொழிலோட பாட்டிமார்கள் இவங்கதான்.

ஜான் கிராண்ட்னு ஒரு ஜவுளிச் சாமான் வியாபாரி இந்தப் பழைய பட்டியல்களையெல்லாம் சேர்த்துக் கூட்டிக் கழிச்சு 1662-ல ஒரு புத்தகம் போட்டார். புள்ளியியலே அங்கேதான் ஆரம்பிச்சதுன்னு சொல்றவங்க உண்டு. 20 வருஷக் கணக்கு, மொத்தம் 2,29,250 சாவுகள். அதுல தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள் 222 பேர். பைத்தியத்தால செத்தவங்க 158. இன்னொரு வரி இருக்கு பாருங்க, அதுலதான் நான் நின்னுட்டேன். துக்கம்: 279.

துக்கத்தால 279 பேர் செத்திருக்காங்க! இன்னிக்கு எந்த டாக்டரும் சான்றிதழ்ல அப்படி எழுத முடியாது. அந்தக் கிழவிக்கு அதுக்கு மேல சொல்லத் தெரிஞ்சிருக்காது. இல்லை, தெரிஞ்சும் சொல்லாம விட்டிருப்பாளோ? கிராண்டே ஒரு இடத்துல குறை சொல்றார்: ஒரு குவளை பீரும் ரெட்டைக் கூலியும் கொடுத்தா பால்வினை நோயால செத்தவனைக் காசநோய்க் கணக்குல எழுதிடுவாங்களாம். வீட்டு மானம் காக்க வார்த்தையை மாத்தறது நேத்து முளைச்ச பழக்கம் இல்லை.

குற்றம்

மானத்தோட போச்சா, சொத்தும் போகும். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்துல தன்னை மாய்த்துக்கிறது கொலைக்குச் சமமான குற்றம். லத்தீன்ல அதுக்குப் பேர் 'ஃபெலோ டி சே', அதாவது தனக்குத்தானே குற்றவாளி. நம்ம 'தற்கொலை'ங்கிற வார்த்தையும் தன்னைக் கொலை பண்றதுதானே? கொலைன்னா கொலையாளி வேணும். செத்தவனே கொலையாளி.

தீர்ப்பு அப்படி வந்தா அவனோட அசையும் சொத்தெல்லாம் அரசுக்குப் போயிடும். பொண்டாட்டி புள்ளைங்க தெருவுல நிக்கணும். உடம்பை நாற்சந்தியில குழி தோண்டி, மேல ஒரு முளையும் அடிச்சுப் புதைப்பாங்க. இந்த நாற்சந்தி வழக்கம் 1823-ல ஒரு சட்டம் வந்துதான் நின்னது. அதுக்கப்புறமும் ராத்திரி ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவுல, ஜபம் எதுவும் இல்லாமப் புதைக்கணும்னுதான் இருந்தது. சொத்துப் பறிமுதல் 1870 வரைக்கும் சட்டத்துல உட்கார்ந்திருந்தது.

தப்பிக்க ஒரே ஒரு சந்து இருந்தது. செத்தவருக்கு அப்போ புத்தி சுவாதீனம் இல்லைன்னு ஜூரிகள் சொல்லிட்டா குற்றம் இல்லை. சொத்தும் தப்பிக்கும், அடக்கமும் முறையா நடக்கும். ஜூரியில உட்கார்ந்தவங்க யாரு? அதே ஊர்க்காரங்கதான். செத்தவனோட விதவையையும் பிள்ளைகளையும் நாளைக்குக் காலையில மூஞ்சியில முழிக்க வேண்டியவங்க.

1600-களின் நடுவுல பெரும்பாலான தீர்ப்பு 'குற்றவாளி'ன்னுதான் இருந்தது. 1700-களோட கடைசியில கிட்டத்தட்ட எல்லாத் தீர்ப்புமே 'புத்தி சுவாதீனம் இல்லை'ன்னு ஆயிடுச்சு. சட்டத்துல ஒரு எழுத்துகூட மாறலை, எழுதற வார்த்தை மட்டும் மாறிடுச்சு. பிளாக்ஸ்டோன்ங்கிற பெரிய சட்ட மேதை 1769-லயே இதுக்கு அலுத்துக்கிட்டார். தன்னை மாய்த்துக்கிட்டதே பைத்தியத்துக்குச் சாட்சின்னு எடுத்துக்கிற அளவுக்கு ஜூரிகள் இதை இழுக்கிறாங்க, இது சரியில்லைன்னார். ஜூரிகள் காதுல போட்டுக்கலை. அவங்க நியாயம் அவங்களுக்கு.

பைத்தியம்

அந்த இரக்கத்துக்கும் ஒரு விலை இருந்தது. விதவையைக் காப்பாத்த எழுதின வார்த்தை நாளாவட்டத்துல மருத்துவமா மாறிப்போச்சு. 1838-ல பிரான்ஸோட எஸ்கிரோல், தற்கொலையில மனநோயோட எல்லா லட்சணமும் இருக்குன்னு எழுதினார். குற்றவாளிங்கிற முத்திரை போய் பைத்தியம்ங்கிற முத்திரை வந்தது. தண்டனை குறைஞ்சது, வெட்கம் குறையலை.

எண்கள் கதைக்கு வர்றேன். நாட்டுக்கு நாடு ஒரே நோயை வேற வேற பேர்ல எழுதினா எப்படி ஒப்பிடறதுன்னு 1853-ல பிரஸ்ஸல்ஸ் மாநாட்டுல பேச ஆரம்பிச்சாங்க. நாற்பது வருஷம் கழிச்சு 1893-ல சிகாகோவுல ஷாக் பெர்டியோன் ஒரு பட்டியல் கொடுத்தார். குற்றவாளிகளை அளவெடுத்து அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடிச்ச அல்ஃபோன்ஸ் பெர்டியோனோட அண்ணன்தான் இவர். அண்ணன் சாவை வகைப்படுத்தினார், தம்பி திருடனை. என்ன குடும்பம்யா! இந்தப் பட்டியல்தான் வளர்ந்து இன்னிக்கு நாங்க புரட்டற ஐசிடி.

ஆனா அது முழுக்கச் சாவுப் பட்டியல். செத்தப்புறம்தான் அதுல இடம். உயிரோட இருக்கிறவனோட நோய்க்கும், மனநோய்களுக்குத் தனிப் பகுதிக்கும் 1948-ல உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஆறாவது பதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பவும் தற்கொலை, காயங்களோட சேர்ந்து வேற மூலையில இருந்தது. எந்த வழியில நடந்ததுன்னு பிரிக்க எண்கள் வரிசையா இருந்தது. என்ன நினைச்சாங்கன்னு எழுத இடம் இல்லை.

நினைச்சதைத் தேடிப் போனவங்கன்னு சொன்னா லாஸ் ஏஞ்சலஸ்காரங்க. ஷ்னைட்மேன்ங்கிற உளவியலாளர் 1949-ல அந்த ஊர் மரண விசாரணை அலுவலகத்துல, செத்தவங்க விட்டுட்டுப் போன கடிதங்கள் கட்டுக்கட்டா இருக்கிறதைப் பார்த்தார். அதிலிருந்து ஆரம்பிச்சது அவர் வேலை. 1958-ல நண்பர்களோட சேர்ந்து தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கினார். விபத்தா, தானா செஞ்சதான்னு தெரியாத கேஸ்களை விசாரணை அதிகாரி இவங்ககிட்ட அனுப்புவார். இவங்க செத்தவரோட சொந்தக்காரங்க, டாக்டர், நண்பர்கள்கிட்ட பேசி அவரோட கடைசி நாட்களைத் திரும்பக் கட்டிப் பார்ப்பாங்க. 1962-ல மர்லின் மன்றோ செத்தப்பவும் இந்த மையத்து ஆட்கள்தான் விசாரிச்சாங்க. 'அநேகமாகத் தற்கொலை'ங்கிற முடிவு வந்தது.

அந்த 'அநேகமாக'ங்கிற வார்த்தை முக்கியம். தெரியலைங்கிறதை ஒத்துக்கிற நேர்மை அது. 1967-ல ஜாக் டக்ளஸ்ங்கிற சமூகவியலாளர், தற்கொலைப் புள்ளிவிவரம்னு நாம நம்பறது உண்மையில அதிகாரிகள் எடுத்த முடிவுகளோட கூட்டுத்தொகைன்னு வாதாடினார். அதுக்கடுத்த வருஷமே, 1968-ல நடைமுறைக்கு வந்த எட்டாவது பதிப்புல 'விபத்தா, வேண்டுமென்றா என்று தீர்மானிக்க முடியாதவை'ன்னு ஒரு புது வரிசை சேர்ந்தது.

அறிகுறி

சரி, எண்ணம் எப்போ உள்ளே வந்தது? 1979-ல ஆரன் பெக்கும் கூட்டாளிகளும் தற்கொலை எண்ணத்தோட தீவிரத்தை அளக்க ஒரு அளவுகோல் வெளியிட்டாங்க. அளக்கவே முடியாதுன்னு இருந்த ஒண்ணைக் கேள்வி கேட்டு அளக்கலாம்னு ஆச்சு. ஆனா எண்? அதே 1979-ல அமெரிக்காவுல புழக்கத்துக்கு வந்த ஒன்பதாவது பதிப்புல தற்கொலை மனப்போக்குன்னு தேடினா 300.9-க்குப் போகச் சொல்லும். அதோட தலைப்பு, 'குறிப்பிடப்படாத மனக்கோளாறு'. என்ன கோளாறுன்னு தெரியாது, ஆனா கோளாறு. அந்தப் பழைய ஜூரிகள் சொன்ன அதே தீர்ப்பு!

2005 அக்டோபர்லதான் எண்ணத்துக்குன்னு தனியா வி62.84 வந்தது. கிராண்டோட புத்தகம் வந்து 343 வருஷம் கழிச்சு. அதுவும் நோய்கள் பக்கத்துல இல்லை, வேலை இழப்பு, உறவைப் பறிகொடுத்த துக்கம் எல்லாம் இருக்கிற வாழ்க்கைச் சூழ்நிலைகள் பக்கத்துல. 2015 அக்டோபர் 1-ல அமெரிக்கா மொத்தமா பத்தாவது பதிப்புக்கு மாறினப்போ அது ஆர்45.851 ஆச்சு. (மாற்றத்துக்கு முன்னாடி நாங்க படிச்ச படிப்பு இருக்கே, சுமார் 14,000 எண்கள் 70,000 ஆயிடுச்சு. அது தனிப் பதிவா எழுதவேண்டிய சோகம்.)

ஆர் எழுத்துல ஆரம்பிக்கிறதெல்லாம் அறிகுறிகள் அத்தியாயம். இருமல் ஆர்05. காய்ச்சல் ஆர்50. அதே வரிசையிலதான் ஆர்45. உள்ளே போனா ஆர்45.2ன்னு ஒண்ணு இருக்கு: மகிழ்ச்சியின்மை. லண்டன் கிழவியோட 'துக்கம்' சுத்தி வளைச்சு வந்து சேர்ந்துட்டாப்ல இருந்தது எனக்கு. அந்தக் கிளையிலேயே நாலஞ்சு வரி தள்ளி தற்கொலை எண்ணம்.

இது ரொம்பப் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். காய்ச்சல் வந்தவனை ஏன் காய்ச்சல் வந்ததுன்னு யாரும் திட்டறதில்லை. காய்ச்சலே நோயும் இல்லை, உள்ளே ஏதோ இருக்கு, பாருன்னு உடம்பு சொல்றது. மனச்சோர்வு இருந்தா அதுக்குத் தனி எண், எண்ணம் இருந்தா அதுக்குத் தனி எண், ரெண்டையும் போடுவோம். ஏன்னா மனச்சோர்வு உள்ள எல்லாருக்கும் இந்த எண்ணம் வர்றதில்லை, இந்த எண்ணம் வர்ற எல்லாருக்கும் மனநோய்ப் பேர் ஒண்ணு இருக்கணும்னும் இல்லை. 2022-ல நடைமுறைக்கு வந்த பதினொண்ணாவது பதிப்புலயும் எம்பி26.ஏ-ன்னு அறிகுறிகள் அத்தியாயத்துலதான் வெச்சிருக்காங்க.

கேட்டாத்தானே எழுத முடியும்? கேட்டா இல்லாத எண்ணத்தை நாமே விதைச்சிடுவோமோன்னு பலருக்கும் பயம். வி62.84 வந்த அதே 2005-ல நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் 2,300 பேருக்கு மேல வெச்சு நடந்த ஒரு ஆய்வு வெளிவந்தது. கேட்கப்பட்டவங்களுக்கு அதனால எண்ணமோ மன உளைச்சலோ கூடலைன்னு தெரிஞ்சது. பயப்படாம கேட்கலாம்.

ஒரே ஒரு இலக்கம்

இதெல்லாம் படிச்சுட்டு என் சீட்டுக்கு வந்தா எங்க விதிப்புத்தகத்துலயும் ஒரு ஜூரி உட்கார்ந்திருக்கார். மருந்து விஷமான கேஸ்னா எண்ணோட ஆறாவது இடத்துல 1 போட்டா விபத்து, 2 போட்டா வேண்டுமென்றே செஞ்சது. 4 போட்டா தீர்மானிக்க முடியலை. டாக்டர் எதுவும் எழுதலைன்னா? விபத்துன்னு எடுத்துக்கணும், அதான் விதி. தீர்மானிக்க முடியலைன்னு அவரே எழுதினாத்தான் 4. மௌனம்னா விபத்து.

அந்த 1 போடும்போதெல்லாம் எனக்கு எங்க சித்தி ஞாபகம் வரும்.

1991. எனக்குப் பதினோரு வயசு. சித்தியை ராத்திரியோட ராத்திரியா வண்டி வெச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்கே போலீஸ்காரர் வந்து விசாரிச்சார். தாத்தா அசராம சொன்னார், "இருமல் டானிக்னு நினைச்சு இருட்டுல வேற பாட்டிலை எடுத்துட்டாய்யா." டாக்டர் தாத்தா மூஞ்சியைப் பார்த்தார், சித்தி மூஞ்சியைப் பார்த்தார், 'தவறுதலாக'ன்னு எழுதினார். நாலு நாள்ல வீட்டுக்கு வந்தாச்சு.

தாத்தாவைக் குத்தம் சொல்ல முடியுமா? அப்போ 309-வது பிரிவு இருந்தது. 1860-ல வெள்ளைக்காரன் எழுதின சட்டம்: தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை. வெள்ளைக்காரன் தன் ஊர்ல அதை 1961-லயே எடுத்துட்டான். நாம வெச்சிருந்தோம். 1994-ல உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாதுன்னது, 1996-ல அதே நீதிமன்றம் செல்லும்னது. இலங்கை 1998-ல நீக்கிடுச்சு. சிங்கப்பூர்ல 2020-லயும் மலேசியாவுல 2023-லயும் போச்சு, அங்கேயும் அதே 309-தான் பிரிவு எண்! இந்தியாவுல 2017-ல நிறைவேறி அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், முயற்சி செஞ்சவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னே எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுக்கறது அரசோட கடமைன்னு சொல்லிச்சு. 2024 ஜூலை 1-ல புதுச் சட்டம் வந்தப்போ 309 போயே போச்சு. (ஒரு அரசு ஊழியரை மிரட்டிக் காரியம் சாதிக்க முயற்சி பண்ணினா மட்டும் இன்னும் குற்றம்.)

தாத்தாவோட பொய் சித்தியைப் போலீஸ்கிட்டேர்ந்து காப்பாத்துச்சு. ஆனா அது 'தவறுதல்'னு ஆனப்புறம், ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கேட்க யாருக்கும் காரணமே இல்லாமப் போச்சு. தவறுதலுக்கு ஏது ஏன்? டாக்டர் கேட்கலை, தாத்தா கேட்கலை, பாட்டி பாட்டில்களை அலமாரியில வெச்சுப் பூட்டினதோட சரி. ஜூரியோட இரக்கம் விதவைக்கு வீட்டை மிச்சம் வெச்ச மாதிரி, இந்த இரக்கமும் உயிரோட இருந்தவளைத் தனியா மிச்சம் வெச்சுட்டுது. அடுத்த பல வருஷம் அவங்க அதைத் தனியாத்தான் சுமந்தாங்க.

எழுதற வார்த்தைக்குத் தண்டனை இருக்கிற வரைக்கும் நல்லவங்கதான் பொய் எழுதுவாங்க. இந்த 350 வருஷக் கதையில எனக்குப் பட்டது இதுதான். தண்டனையை எடுத்தாத்தான் உண்மையை எழுத முடியும், உண்மையை எழுதினாத்தான் உதவி வரும். நம்ம ஊர்ல தண்டனை போயிடுச்சு. வார்த்தை இன்னும் மாறலை. 2022-ல இந்தியாவுல தற்கொலையால இறந்தவங்க 1,70,924 பேர்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது. கவனிச்சீங்களா, குற்ற ஆவணம். காரணம்னு பார்த்தா குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். இதை எழுதினது டாக்டர் இல்லை, போலீஸ். ஸ்டேஷன்ல நம்ம எஸ்.ஐ. எழுதற வார்த்தைதான் கூட்டிக் கூட்டி டெல்லி போகுது. லண்டன் கிழவிக்குப் பதிலா காக்கிச் சட்டை. 2020-ல இந்தியாவுல பதிவான மரணங்கள்ல டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதத்துக்குத்தான். செத்தவங்க கணக்கே இப்படின்னா, எண்ணத்தோட உட்கார்ந்திருக்கிறவங்க கணக்கை எங்கே போய்த் தேடறது?

இப்படி ஒரு பதிவு எழுதப்போறேன்னு சித்திகிட்ட போன்ல சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல யாரும் பேசாத விஷயம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், "பேரைப் போடாதே, மத்தபடி எழுதிக்கோ"ன்னாங்க. நான், "சித்தி, அன்னிக்கு ஏன்..."னு ஆரம்பிச்சேன். "இப்பவாவது கேட்டியே. ஊருக்கு வா, சொல்றேன்"ன்னாங்க. பொங்கலுக்குப் போறேன்.

உங்க வீட்டுலயும் 'தவறுதலா' ஒண்ணு நடந்திருக்கலாம். கேளுங்க. அந்த எண்ணம் உங்களுக்கே இருந்தா, அது குற்றமும் இல்லை, பைத்தியமும் இல்லை, ஆர் வரிசையில இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கூட இருக்கிற ஒரு அறிகுறி. யார்கிட்டயாவது சொல்லுங்க. 14416-ன்னு அரசோட டெலி மானஸ் எண் இருக்கு, 24 மணி நேரமும், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

பி.கு: சட்டம் படிச்ச நண்பர்கள், டாக்டர் நண்பர்கள் யாராவது இதுல தப்பு கண்டா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திடறேன். நம்ம பொழப்பே திருத்தறதுதானே.